திருநாவலூரில் ஒரு மஞ்சள் துளி

திருநாவலூர் சுந்தரர் பிறந்த ஊர். இங்கே இறங்குகிறவர்கள் பக்தஜனேஸ்வரர் கோயிலுக்குத்தான் நடப்பார்கள். நான் அன்று காலையில் நடந்தது கரும்புத் தோட்டங்களைத் தாண்டி ஒரு மண்புழு உரக் கொட்டகைக்கு. கூட வந்தவர் உயிர்த்தகவலியல் மாணவி. மண்புழுவின் நோய் எதிர்ப்புப் புரதங்களைக் கணினியில் ஆராய்கிறார். “ஆறு மாசமா திரையிலதான் சார் பார்க்கிறேன், புழுவைத் தொட்டதே இல்லை” என்றார். கொட்டகை அவருடைய பெரியம்மாவுடையது.

கீற்றுக் கூரைக்குக் கீழே நான்கு தொட்டிகள். ஒவ்வொன்றையும் சுற்றிச் சிமெண்டில் ஒரு குறுகிய வாய்க்கால், அதில் தண்ணீர். எதற்கு என்று பெரியம்மாவிடம் கேட்டேன்.

“எறும்புக்குத்தான் தம்பி. தண்ணி வத்திடுச்சுன்னா போச்சு, ஏறி வந்து புழுவை அரிச்சுத் தின்னுடும்.”

நின்றது சுந்தரர் ஊரில் என்றாலும் மாணிக்கவாசகர்தான் நினைவுக்கு வந்தார். எறும்புகளிடம் சிக்கிய நாங்கூழை, அதாவது மண்புழுவை, தன் நிலைக்கு உவமையாகத் திருவாசகத்தின் நீத்தல் விண்ணப்பத்தில் சொல்லியிருப்பார். கையில்லை, காலில்லை, ஓடில்லை. மண்புழுவைப் போல் கதியற்ற உயிர் வேறு ஏது?

பெரியம்மா ஈரச் சாக்கை விலக்கி, சாணத்துக்குள் கைவிட்டு ஒரு புழுவை எடுத்தார். உரத்துக்காக உலகெங்கும் வளர்க்கப்படும் ஐசீனியா ஃபெடிடா. சற்று அழுத்திப் பிடித்ததும் அதன் முதுகிலிருந்த நுண்துளைகள் வழியே மஞ்சள் நீர் கசிந்தது. முகர்ந்தேன், பூண்டு நாற்றம். ‘ஃபெடிடா’ என்ற இலத்தீன் சொல்லுக்கே நாற்றமடிப்பது என்றுதான் பொருள்.

அந்தத் துளிதான் அதன் ஆயுதக் கிடங்கு. நம் உடலைப் போல் மண்புழு எதிர்ப்பொருள்களைத் தயாரிப்பதில்லை. கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் மொய்க்கும் மண்ணையும் சாணத்தையும் தின்றே வாழும் அது, உடற்குழி நீரிலுள்ள உயிரணுக்களையும் புரதங்களையும்தான் நம்பியிருக்கிறது. உள்ளே நுழைந்த அந்நியப் பொருளை உயிரணுக்கள் சூழ்ந்து பழுப்பு உருண்டையாகப் பொதிந்துவிடும். வந்தது எதிரிதான் என்று கண்டுகொள்ளத் தனிப் புரதம் உண்டு. சிசிஎஃப் என்ற அந்தப் புரதம் பூஞ்சை, பாக்டீரியாக்களின் மேற்பரப்பிலுள்ள சில மூலக்கூறுகளைத் தொட்டு அடையாளம் காணும்.

மாணவி தொட்டி விளிம்பில் மடிக்கணினியை வைத்தார். திரையில் லைசெனின். 1990-களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்தப் புழுவின் உடற்குழி நீரில் கண்டறிந்த புரதம். 297 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. உயிரணுச் சவ்வில் ஸ்பிங்கோமைலின் என்ற கொழுப்பைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும். பிறகு 9 மூலக்கூறுகள் வட்டமாகக் கூடி, சவ்வைத் துளைத்துக்கொண்டு காளான் வடிவில் நிற்கும். துளை விழுந்த உயிரணு பிழைக்காது. இந்தக் காளானின் துல்லியமான வடிவம் 2016-இல் வெளியானது.

எல்லாப் புரதத்துக்கும் இப்படி ஆய்வகத்தில் எடுத்த படம் கிடையாது. அமினோ அமில வரிசை மட்டும் தெரிந்தால் வடிவத்தைக் கணிக்க ஆல்ஃபாஃபோல்டு போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. ஆல்ஃபாஃபோல்டை உருவாக்கியவர்களுக்கு 2024-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கணித்த வடிவம் சரிதானா? மாணவி ஒரு சதுர வரைபடத்தைத் திறந்தார், நிறையப் புள்ளிகளோடு. ராமச்சந்திரன் வரைபடம். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் அணுக்கள் மோதிக்கொள்ளாமல் எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும், சி. ராமகிருஷ்ணனும், வி. சசிசேகரனும் கணக்கிட்டது. புள்ளிகள் தடைப்பட்ட பகுதியில் விழுந்தால் கணிப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து, பூஞ்சைச் சுவரின் சர்க்கரை மூலக்கூறைச் சிசிஎஃப் புரதத்தின் பள்ளங்களில் பொருத்திப் பார்க்கிறார். பூட்டில் சாவி நுழைத்துப் பார்ப்பது போல. எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்று மென்பொருள் ஓர் எண்ணால் சொல்லும். “அது வெறும் யூகம் சார். பொருந்துதுன்னு சொல்லும், புழு உடம்புல நடக்குதுன்னு சொல்லாது. அதுக்கு ஆய்வகம்தான் போகணும்.”

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த பெரியம்மா, “நம்ம வயல் புழு இதுல இருக்கா பாப்பா?” என்றார்.

நம் வயல்களில் நாஞ்சில் கட்டிகளைப் புரட்டும்போது நெளியும் லாம்பிட்டோ மாரிட்டியைத்தான் கேட்கிறார். மாணவி தன் பட்டியலை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார்.

“நான் எடுத்ததெல்லாம் சீமைப் புழு பெரியம்மா.”

நாங்கூழ் நிராயுதபாணி இல்லை என்று தெரிந்தது. ஆனால் இந்தப் புரத ஆயுதம் ஒவ்வொன்றும் ஒரு பூட்டுக்கான சாவி. குறிப்பிட்ட கொழுப்பைக் கண்டால்தான் லைசெனின் துளைக்கும். குறிப்பிட்ட மூலக்கூறுகளைத் தொட்டால்தான் சிசிஎஃப் விழிக்கும். கூட்டமாக வரும் எறும்புக்கு அந்த மஞ்சள் துளி போதாது.

பெரியம்மா குடத்தைச் சாய்த்து வாய்க்காலை நிரப்பிக்கொண்டிருந்தார்.