அக்கா வீட்டில் ஒரு சமுத்திரம்

ரிஷிவந்தியத்துக்கும் சமுத்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டேன். கள்ளக்குறிச்சி ஜில்லாவில், கரும்பும் நெல்லும் மரவள்ளியும் சூழ்ந்த ஊர் அது. மேற்கே போனால் கல்வராயன் மலை. கடலைப் பார்க்க வேண்டுமானால் கிழக்கே கடலூருக்கோ புதுச்சேரிக்கோ பஸ் ஏற வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், கூடத்து ஜன்னல் ஓரமாக ஒரு சமுத்திரத்தை வைத்துவிட்டுப் போவதென்று என் அக்கா பிள்ளை பிடிவாதமாக நின்றான்!

அவனுக்குச் சிங்கப்பூரில் உத்தியோகம். மூன்று வார லீவில் வந்திருந்தான். நான் சென்னையிலிருந்து ரயிலில் விழுப்புரம், பிறகு பஸ்ஸில் திருக்கோவிலூர் என்று மாறி மாறிப் போய்ச் சேர்ந்தபோது, வாசலிலேயே வழக்கு ஆரம்பமாகிவிட்டது.

"நீயே கேள், சித்தியிடம்! கிணற்றுத் தண்ணீரில் உப்பைக் கொட்டினால் கடலாகிவிடுமா?" என்றாள் அக்கா.

"வெறும் உப்பு இல்லை சித்தி. அதற்கென்று கலந்து விற்கும் கடல் உப்பு. சுத்தப்படுத்திய தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் சேர்க்க வேண்டும்" என்றான் பையன்.

சிங்கப்பூரில் தன் அறையில் வளர்க்கும் தொட்டியைச் செல்போனில் காட்டினான். கண்ணாடிக்குள் ஊதா, பச்சை, ரோஜா நிறங்களில் மான் கொம்பைப் போலவும் முட்டைக்கோஸைப் போலவும் என்னென்னவோ வளர்ந்திருந்தன. அத்தனையும் பவளமாம்!

பவளம் என்றதும் நம் பெண்களுக்கு மாலைதான் ஞாபகம் வரும். அந்தச் சிவப்புப் பவளம் வேறு ஜாதி. மத்தியதரைக் கடலில் கிடைப்பதற்குப் பேர் பெற்றது. இது பாறை கட்டும் கல் பவளம். பார்வைக்குச் செடி, தொட்டால் கல், உண்மையிலோ ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு பிராணிகள் சேர்ந்து குடியிருக்கும் குடித்தனம். ஒவ்வொன்றும் கடல் நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்து, தான் உட்காரும் கிண்ணத்தைத் தானே கட்டிக்கொள்கிறது.

வளர்ப்பது எப்படி என்று கேட்டேன். அடே அப்பா! பிரசவித்த பெண்ணுக்குக்கூட இவ்வளவு பத்தியம் கிடையாது. சூடு 25, 26 டிகிரி செல்சியஸில் நிற்க வேண்டும். வெளிச்சம் கணக்காக விழ வேண்டும். நீர் ஓயாமல் அலைய வேண்டும். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா விஷத்தைத் தின்று மாற்றும் நுண்ணுயிர்கள் தொட்டியில் பெருகப் பல வாரங்கள் காத்திருக்க வேண்டும். லிட்டருக்குக் கால்சியம் 400 முதல் 450 மில்லிகிராம் இருக்க வேண்டும். அது குறையாமலிருக்கத் தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சொட்டுச் சொட்டாக விடுவார்களாம். அதற்குக் 'கால்க்வாசர்' என்று ஜெர்மன் பெயர்.

"வெற்றிலைக்குச் சுண்ணாம்பு குறைந்தால் நானே கோபித்துக்கொள்வேன். பவளமும் அப்படித்தானா?" என்று அக்கா சிரித்துவிட்டாள்.

1960களின் தொடக்கத்திலேயே ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர், உயிருள்ள கடற்கற்களையும் காற்றுக் குமிழிகளையும் கொண்டே தொட்டியில் பவளத்தை வாழ வைத்துக் காட்டினாராம். இப்போது ஒன்றைப் பலவாக்கவும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். கிளையில் ஒரு துண்டை இடுக்கியால் வெட்டி, சிறு பீங்கான் வில்லையில் பசை போட்டு ஒட்டிவிடுவதுதான் வேலை. சில வாரங்களில் அந்தத் துண்டு வில்லையின்மேல் பரவிப் பிடித்துக்கொள்கிறது.

"நம் கொல்லை முருங்கைப் போத்து மாதிரி" என்றாள் அக்கா. அவள் குரலில் கொஞ்சம் இளக்கம் தெரிந்தது. பிறகு மெதுவாக, "எல்லாம் சரிதான். மழை காற்றில் நாலைந்து மணி நேரம் கரண்டு போனால்?" என்று கேட்டாள்.

பையன் பதில் சொல்லவில்லை. குழாய் மோட்டார் நின்றால் நீரில் பிராணவாயு குறைந்து எல்லாம் செத்துப்போகக்கூடும் என்று அவனுக்குத் தெரியும்.

அத்தான் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. அவ்வளவு பெரிய வீட்டில் அக்கா ஒருத்திதான். தான் போன பிறகு அம்மா பார்த்துக்கொண்டிருக்க உயிருள்ளதாக ஏதாவது வேண்டும் என்பது பிள்ளையின் எண்ணம். அதை அவனும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

மாலையில் அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குப் போனோம். ரிஷிகள் வந்தித்த தலமாகையால் ரிஷிவந்தியம் என்று பெயர்க் காரணம் சொல்கிறார்கள். இங்கே தேனாபிஷேகம் விசேஷம். லிங்கத்தின்மேல் தேன் வழியும்போது, ஈசனும் அம்பிகையும் ஓருருவாகத் தெரிவார்கள் என்பது பக்தர்கள் நம்பிக்கை. தீப வெளிச்சத்தில் அந்தப் பொன்னிற ஒழுக்கைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றோமோ, தெரியாது.

திரும்பும் வழியில் பையன் சொன்னான்: "அம்மா, பவளமும் கிட்டத்தட்ட இப்படித்தான். உடம்பு பிராணியுடையது. அதற்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. பாசி வெயிலில் உணவு சமைத்துப் பெரும் பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கிறது. பவளம் அதற்கு இடம் கொடுக்கிறது. கடல் வழக்கத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சுட்டுச் சில வாரம் நீடித்தால் போதும், இரண்டும் பிரிந்துவிடும். பாசி போனதும் பவளம் வெளுத்துவிடும். சீக்கிரம் சூடு தணியாவிட்டால் பட்டினியால் செத்தும் போகும்."

அக்கா ஒன்றும் பேசாமல் நடந்தாள். வீட்டு வாசலுக்கு வந்த பிறகு, "துணை போனால் வெளுத்துத்தான் போகும்" என்றாள்.

ராமேசுவரம் போக வேண்டும் என்பது அக்காவின் வெகு நாளைய பிரார்த்தனை. மறுவாரம் ஒரு காரை அமர்த்திக்கொண்டு கிளம்பினோம். தியாகதுருகம், உளுந்தூர்பேட்டை, திருச்சி, மதுரை, ராமநாதபுரம் என்று நாள் முழுவதும் பிரயாணம். தீர்த்தமாடித் திரும்பும்போது, ஏர்வாடிக்கு அருகே பிச்சைமூப்பன்வலசையில் காரை நிறுத்தச் சொன்னான் பையன். அங்கே வனத் துறையினர் கண்ணாடி அடித்தளமுள்ள படகில் அழைத்துப் போய்ப் பவளப் பாறைகளைக் காட்டுகிறார்கள். கடலோரத்தில் இந்தப் பாறைகளுக்குப் 'பார்' என்று பெயர்.

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள். 1986-ல் இப்பகுதியைக் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். ஆனால், அந்தத் தீவுகளில் இரண்டு இப்போது கடலுக்குள் இருக்கின்றன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் என்று பல காலம் பவளக் கல்லை வெட்டி ஏற்றினார்கள். அலையைத் தடுத்த மதில் போயிற்று, தீவும் கரைந்தது. 2004 சுனாமிக்குப் பிறகுதான் கண் திறந்தது. 2005-ல் கல் எடுப்பது நின்றது. அப்புறம் கடலின் சூடு பிடித்துக்கொண்டது. 2016-ல் வெளுப்பு நோய் கண்டு, இங்குள்ள பவளத்தில் சுமார் 16 சதவீதம் மடிந்துபோயிற்று.

படகின் கண்ணாடி வழியே குனிந்து பார்த்தோம். முதலில் வெறும் மணல். பிறகு உருண்டையாக ஒன்று, கிளை கிளையாக ஒன்று, நடுவே நீல மீன்கள். செல்போனில் பார்த்த பளபளப்பு இல்லை. பழுப்பும் இளம் பச்சையும்தான். ஆனால் நீர் அசையும்போதெல்லாம் வெளிச்சம் அதன்மேல் ஓடியது. அக்கா கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்கவேயில்லை.

"ஒரு சின்னத் துண்டு மட்டும்..." என்று பையன் ஆரம்பித்தான்.

கூட வந்த வழிகாட்டி இளைஞர் மரியாதையாக மறுத்தார். "கூடாது, சார். 2001-லிருந்து கல் பவளம் எல்லாமே வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. யானைக்கும் புலிக்கும் உள்ள அதே காவல். கரையில் ஒதுங்கிய செத்த துண்டைக்கூட எடுக்கக் கூடாது."

பையனுடைய முகம் வாடிவிட்டது. அதைப் பார்த்து இரக்கப்பட்டோ என்னவோ, அவர் இன்னொரு விஷயமும் சொன்னார். தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல் இந்தக் கடலிலேயே பவளம் நடுகிறார்களாம். நல்ல பாரிலிருந்து சிறு துண்டுகளை எடுத்து, சிமென்ட் பலகைகளில் கட்டி, அழிந்த இடங்களில் கடலடியில் இறக்குகிறார்கள். கிளைப் பவளம் சில ஜாதிகளில் வருஷத்துக்குப் பத்து சென்டிமீட்டர்கூட வளரும். உருண்டைப் பவளமோ ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் அதிகம். ஒரு பார் உருவாக மனிதர் ஆயுள் பல போதாது.

"கேட்டாயா? அதே போத்துதான். ஆனால் அவர்கள் அதை அதன் கொல்லையிலேயே நடுகிறார்கள்" என்றாள் அக்கா.

ஊர் திரும்பிய மறுநாள், தொட்டிக்கு அளவெடுத்திருந்த ஜன்னல் ஓரத்தில் பையன் வெகு நேரம் உட்கார்ந்திருந்தான். அக்கா காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"எனக்குத் துணை வேண்டும் என்றுதானே இவ்வளவும்? அந்த ஜீவன்களை இங்கே கொண்டுவந்து, கரண்டு போகுமோ போகுமோ என்று ராத்திரியெல்லாம் நான் விழித்திருப்பேன். அதைவிட, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நீ போனில் பேசு. வருஷத்துக்கு இரண்டு தடவை வா."

பையன் தலையை ஆட்டினான். பிறகு எழுந்து கொல்லைக்குப் போனான். முருங்கையில் ஒரு கிளையை வெட்டி, கிணற்றடியில் நட்டு, தலையில் சாணி உருண்டை வைத்தான்.

அவன் சிங்கப்பூர் போய் நாலு மாதம் ஆகிறது. அந்த ஊரிலும் 2024 டிசம்பரில் ஒரு லட்சம் பவளங்களைக் கடலில் நடும் திட்டம் தொடங்கியிருக்கிறார்கள். அதில் தொண்டனாகச் சேரப் போகிறானாம். போன ஞாயிற்றுக்கிழமை அக்காவுடன் பேசியபோது இதைச் சொன்னாள்.

"முருங்கை துளிர்த்ததா, அக்கா?" என்று கேட்டேன்.

"துளிர்த்துவிட்டது. கீரை பறிக்கத்தான் மனசு வரவில்லை. அவன் வந்து பார்க்கட்டும்" என்றாள்.