நவரத்தினத்தில் இடம்பெறாத நீலம்

செஞ்சியின் இராசகிரி, கிருஷ்ணகிரி ஆகிய குன்றுகள் சிலிக்கா மிகுந்த கருங்கல்லால் ஆனவை. அத்தகைய பாறையில் மக்னீசியமும் அலுமினியமும் சிலிக்காவோடு கூடி வேறு கனிமங்களாகிவிடுவதால், அவ்விரண்டும் ஆக்சிஜனோடு மட்டும் சேர்ந்து உருவாகும் ஸ்பினல் என்னும் மணிக்கு அங்கே இடமில்லை. சிலிக்கா குறைந்த சலவைக்கல் போன்ற பாறைகளே அதன் தாய்வீடு. ஆகவே, நீல ஸ்பினலை நாடும் செஞ்சிக்காரர் கடல் கடந்து இலங்கையின் இரத்தினபுரியை நினைக்கலாம்.

அங்கே, பாறையிலிருந்து உதிர்ந்து நீரோட்டத்தால் ஒதுங்கிய கற்கள், ‘இல்லம்’ எனப்படும் சரளை அடுக்கில் புதைந்து கிடக்கின்றன. குழி தோண்டி எடுத்த சரளையைக் கூடையில் அலசுகையில், குருந்த இனத்தைச் சேர்ந்த நீலக்கல்லும் நீல ஸ்பினலும் கலந்தே அகப்படுவதால், வெறும் கண்ணை நம்புவோர் ஏமாற வாய்ப்புண்டு. குருந்தம் தன்னுள் புகும் ஒளிக்கதிரை இரண்டாகப் பிரிக்கும். எத்திசையிலும் ஒரே தன்மையுடைய ஸ்பினல் பிரிக்காது. ஒளி கல்லினுள் எவ்வளவு வளைகிறது என்பதைக் குறிக்கும் ஒளிவிலகல் எண், குருந்தத்துக்கு ஏறத்தாழ 1.76, ஸ்பினலுக்கு 1.718. தீச்சுடரில் உருக்கிச் செய்யும் செயற்கை ஸ்பினலுக்கு அது 1.728 அளவில் இருக்கும். எனினும், துத்தநாகம் கலந்த இயற்கைக் கல்லிலும் அந்த எண் உயரக்கூடும் என்பதால், உருப்பெருக்கியில் உள்ளே காண்பதையும் சேர்த்தே தீர்ப்பளிக்க வேண்டும்: நுண்ணிய எண்முகப் படிகங்கள் வரிசையாகத் தெரிந்தால் அது இயற்கையின் பக்கம் சாயும் சான்று, வாயுக் குமிழ்கள் தெரிந்தால் உலையின் பக்கம்.

நிறத்தில் இரும்பு மேலோங்கினால் சாம்பல் படிந்த மையின் நீலம் கிடைக்கிறது. கோபால்ட் சிறிதளவு கலந்தால் நீலம் பளிச்சிடுகிறது, விலையும் பன்மடங்கு ஏறுகிறது. அந்த விலைக்காகவே கோபால்ட்டை வெளியிலிருந்து வெப்பத்தால் ஊடுருவச் செய்த கற்களும் சந்தையில் உலவுவதால், ஆய்வகச் சான்றின்றி விலை பேசுவது விவேகமன்று. பகல் வெளிச்சத்தில் பார்த்த கல்லை மஞ்சள் விளக்கின்கீழும் பார்ப்பது நல்லது. நீலம் ஊதாவை நோக்கிச் சாய்வது அப்போதுதான் தெரியவரும்.

சனிக்குரியதென நீலக்கல்லை வாங்குவோர் தமிழகத்தில் பலர். ஸ்பினலோ நவரத்தினத்துள் வருவதில்லை. எனவே, அதைச் சேர்ப்பவர் பெரும்பாலும் பலனை எதிர்பார்த்து வாங்குவதில்லை. கல்லை அறிந்து, அந்த அறிவுக்கே விலை கொடுக்கிறார்.