மூன்று கேள்விகள்

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்” என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். இவ்விரண்டில் கல்யாணத்தை எப்படியோ நடத்தி முடித்துவிட்டேன். வீட்டுக் காரியத்தில்தான் தோற்றேன். அத்தோல்வியை நம் சங்கத்து இதழில் எழுத நாணமாகவே இருக்கிறது. ஆயினும், ரயில்வே குடியிருப்பிலும் சாலிலும் வாழ்ந்துகொண்டு, ‘நமக்கென்று ஒரு வீடு’ என்ற நினைவோடு உறங்கச் செல்லும் அன்பர்கள் இம்மும்பையில் பலர் உள்ளனர். அவர்களுக்குப் பயன்படலாம் என்று எழுதத் துணிந்தேன். என் கதைக்கு முன், என் கண்ணைத் திறந்த ஓர் ஆங்கிலேயரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் பெயர் கெவின் மெக்லவுட். பிரிட்டனின் ‘சானல் 4’ தொலைக்காட்சியில் 1999-ஆம் ஆண்டு முதல் ‘கிராண்ட் டிசைன்ஸ்’ என்னும் நிகழ்ச்சியை நடத்தி வருபவர். சொந்தமாக வீடு கட்ட முனைவோரை, வானம் தோண்டும் நாள் முதல் விளக்கேற்றும் நாள் வரை பின்தொடர்வதே அந்நிகழ்ச்சி. இரவு உணவுக்குப் பின் என் மகன் தன் கைபேசியில் அதைக் காட்டுவான். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய எனக்கு அவருடைய ஆங்கிலம் பாதிதான் விளங்கும்; மீதியைத் திரையின் அடியில் ஓடும் எழுத்துகளும் கட்டுகிறவர்களின் முகங்களும் விளக்கிவிடும்.

மெக்லவுட் 1959-இல் பெட்ஃபோர்டுஷயரில் பிறந்தவர். பெற்றோர் தாமே கட்டிய வீட்டில் வளர்ந்தவர். கேம்பிரிட்ஜில் கலை, கட்டடக்கலை வரலாறு பயின்றார். பிறகு நாடக மேடைகளை அமைக்கும் தொழிலில் இருந்தார். விளக்கு அலங்காரத் தொழிலும் நடத்தினார். தொலைக்காட்சியில் அவர் பெயர் நிலைத்தபோது அவருக்கு வயது நாற்பது. 2014-இல் பிரிட்டிஷ் அரசு அவருக்கு ‘எம்.பி.இ.’ விருது அளித்தது. வீடு விற்கும் தரகரைப் போல அவர் பேசுவதில்லை. பெண்ணுக்கு வரன் பார்க்க வந்த தாய்மாமன்போல விசாரிப்பார்.

அவர் விசாரிக்கும் முறையே நிகழ்ச்சியின் உயிர். வரைபடத்தை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு கணவனும் மனைவியும் கனவில் மிதந்துகொண்டிருப்பார்கள். அவர் அமைதியாகக் கேட்பார்: கையில் எவ்வளவு இருக்கிறது? எப்போது முடியும்? வேலையை மேற்பார்க்கும் பொறுப்பு யாருடையது? பலர் முதல் கேள்விக்குத் தடுமாறுவர். இரண்டாவதற்குக் கிறிஸ்துமஸுக்குள் என்பர். மூன்றாவதற்கு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வர். பிறகு மழைக்காலத்தில் அவர் மீண்டும் வருவார். சுவர் எழும்பாமல் சேறு மட்டும் நிறைந்திருக்கும். அவர் கடிந்துகொள்வதில்லை. அதே கேள்விகளை மறுபடியும் கேட்பார்.

இரு வீடுகள் என் நினைவில் நிற்கின்றன. ஒன்று சசெக்ஸ் காட்டில் பென் லா என்னும் மரத்தொழிலாளி கட்டியது. தாம் வாழ்ந்து தொழில் செய்த காட்டின் மரங்களைக் கொண்டு, நண்பர்கள் துணையோடு, ஏறத்தாழ 28,000 பவுண்டில் முடித்தார். 2003-இல் ஒளிபரப்பான அவ்வீடு இன்றும் நேயர்களின் மனத்திற்கு உகந்த வீடுகளுள் ஒன்று. மற்றொன்று டெவன் கடற்கரையில் கலங்கரை விளக்கம்போல் எழுந்த மாளிகை. 2019-இல் அது திரையில் வந்தபோது வெறும் எலும்புக்கூடாக நின்றது. கடன் பல மில்லியன் பவுண்டாகப் பெருகியிருந்தது. கணவனும் மனைவியும் பிரிந்துவிட்டிருந்தனர். முன்னவர் தம் கைக்கு எட்டியதைக் கட்டினார். பின்னவர் கண்ணுக்கு எட்டியதைக் கட்டப் போனார்.

அந்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அலுவலகத்தில் என் வேலை, ஊழியர்களின் வருங்கால வைப்பு நிதி விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது. ‘வீடு வாங்க’ என்று காரணம் எழுதிய தாள்கள் எத்தனையோ என் மேசையைக் கடந்துள்ளன. ஒரு தேதி பிழையானாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். அப்படிப்பட்ட நான், கல்யாணுக்கு அப்பால் எழும்பப் போவதாகச் சொன்ன ஓர் அடுக்குமாடிக்கு, வண்ணப் படத்தைப் பார்த்து மயங்கி, ஆறு லட்சம் ரூபாய் முன்பணம் கட்டினேன். கட்டுநரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டால் ஏழை என்று நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம்! மூன்று ஆண்டுகளாயின. அங்கே அடித்தளக் கம்பிகள் துருவேறி நிற்கின்றன.

என் இல்லத்தரசி ஒருநாள் கேட்டாள்: “ஏங்க, ஆபீஸ்ல அடுத்தவங்க காகிதத்தை அவ்வளவு பார்க்கிறீங்களே, நம்ம காகிதத்தை ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதா?” அதற்கு இன்றுவரை என்னிடம் விடையில்லை.

இந்நிலையில் தாராவிக் கோலியின் பிரச்சினை எழுந்தது. என் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, தோல் பட்டறையில் உழைத்து வாங்கிய ஓரறை வீடு அது. தாயார் அங்கேதான் இருக்கிறார். தாராவியைத் திருத்தியமைக்கும் திட்டத்தில், 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதிக்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்போர்க்கு 350 சதுர அடி வீடு என்று 2024-இல் அறிவித்தனர். அவ்வாண்டே வீடு வீடாகக் கணக்கெடுப்பும் தொடங்கியது. என் தம்பி ஒரு தரகரை அழைத்து வந்தான். “அண்ணே, கட்டி முடிக்கிற வரைக்கும் யார் காத்திருக்கிறது? இப்பவே ரொக்கம் தர்றாராம். உங்க ஆறு லட்சம் திரும்பி வந்த மாதிரி ஆச்சு” என்றான். என் மனமும் சபலப்பட்டது.

அப்போதுதான், மெக்லவுட் தாராவிக்கே வந்து சென்றவர் என்பதை மகன் கண்டறிந்து சொன்னான். 2010 ஜனவரியில் இரு பகுதிகளாக ஒளிபரப்பான அப்படத்தைத் தாயாரோடு அமர்ந்து பார்த்தோம். இளவரசராயிருந்த சார்லஸ், தாராவியின் வாழ்க்கை முறையிலிருந்து மேனாட்டார் கற்க வேண்டியது உண்டு என்று புகழ்ந்திருந்தார். அது மெய்தானா என்று காண வந்தவர் மெக்லவுட். இங்குள்ள குடும்பங்களோடு உண்டார். நெருக்கத்தில் படுத்து உறங்கினார். கழிவுப் பொருளைப் பொன்னாக்கும் உழைப்பையும், ஒருவருக்கொருவர் துணை நிற்கும் உறவையும் வியந்தார். திறந்த சாக்கடையையும் எலிகளையும் கழிப்பிடமின்மையையும் கண்டு மனம் கலங்கினார்.

நான் தாயாரின் முகத்தைப் பார்த்தேன். சினம் கொள்வாரென்று எண்ணினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: “ஏலே, அவரு சொல்றது ரெண்டும் நெசம்தான். ஆனா அவரு ரெண்டு வாரத்துல கெளம்பிட்டாரு. நான் நாப்பது வருஷமா விடியுமுன்ன வரிசையில நிக்கேன். எனக்கு வேணும்கிறது மாளிகை இல்ல. உள்ளே தாழ் போட்டுக்கிற மாதிரி ஒரு கக்கூசு. அதுவும் இந்தச் சனங்க நடுவுல.”

மெக்லவுட் நான்காவதாகவும் ஒரு கேள்வி கேட்பதுண்டு: இவ்வீடு எதற்காக? அதற்கு என் தாயார் கேட்காமலே விடை சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிறு தரகர் வந்தார். நான் கூச்சத்தை விட்டு மூன்றையும் கேட்டேன். எவ்வளவு என்பதற்கு உடனே விடை வந்தது. எப்போது என்றேன், பாதி இப்போது, மீதி பிறகு என்றார். ‘மீதி வராவிட்டால் யார் பொறுப்பு?’ என்றேன். தேநீரைக் குடித்து முடித்தார். அதன்பின் அவர் வரவில்லை. தம்பிக்கு என்மேல் இன்னும் வருத்தம் உண்டு. கோலி விற்கப்படவில்லை. தந்தையாரின் பெயரிலுள்ள போட்டோ பாஸையும் பழைய மின்கட்டண ரசீதுகளையும் ஒழுங்காக அடுக்கி வைத்துள்ளேன்.

இந்த ஆங்கிலேயரைத் தவறே செய்யாதவர் என்று யாரும் எண்ண வேண்டா. 2007-இல் ‘ஹாப்’ என்ற வீடு கட்டும் நிறுவனத்தை அவர் தொடங்கினார். மகிழ்ச்சி, கட்டடக்கலை, அழகு என்பன அப்பெயரின் பொருள். ஸ்விண்டன் நகரில் 42 வீடுகள் 2011-இல் நன்றாகவே நிறைவேறின. பின்னர் பொதுமக்களிடம் முதலீடு திரட்டப்பட்டது. 2019-இல், அவ்வாறு கடன் கொடுத்தோர் தம் பணத்தின் பெரும்பகுதியை இழக்க நேரலாம் என்ற செய்தி வந்தது. பிறர் வீட்டில் கேள்வி கேட்டவரின் நிறுவனத்துக்கும் அதே கேள்விகள் வந்து சேர்ந்தன. கேள்வி கேட்பவர் எவ்வளவு புகழ் பெற்றவராயினும், அவரிடமும் நாம் கேட்டாக வேண்டும் என்பதே நான் கற்றது.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவு செய்த ஒப்பந்தமின்றி விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கட்டுநருக்கு உரிமையில்லை. திட்டத்தின் பதிவு எண்ணை மகாரேரா இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். இவையெல்லாம் பணம் கட்டிய பிறகே எனக்குத் தெரிந்தன. இப்போது முறையீடு செய்திருக்கிறேன், விடையை எதிர்நோக்கியிருக்கிறேன்.

இப்பொழுதெல்லாம் ‘வீடு வாங்க’ என்ற விண்ணப்பம் என் மேசைக்கு வந்தால், தேதியைச் சரிபார்த்த பிறகு, அந்த ஊழியரை ஒரு நிமிடம் உட்காரச் சொல்லுகிறேன். அது என் உத்தியோகக் கடமையில் சேர்ந்ததன்று. எவ்வளவு, எப்போது, யார் பொறுப்பு என்று கேட்டுவிட்டுத்தான் தாளை மேலே அனுப்புகிறேன்.