2 கோடி வயசாகியும் பால்குடி மறக்காத நட்சத்திரங்கள்!

தெரு விளக்கே இல்லாத ஏதோ ஓர் ஆஸ்திரேலிய கிராமத்தில் இரவு வானத்தை அண்ணாந்து பார்த்தால், தெற்கே வெளிறிய மேகத்துணுக்கு ஒன்று தெரியும். எவ்வளவு காற்றடித்தாலும் கலையாது. கடலோடி மெகல்லனின் பெயரால் அதைச் சிறிய மெகல்லன் மேகம் என்கிறார்கள். உண்மையில் அது நம் பால்வெளிக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டி கேலக்ஸி. பக்கம் என்றால், சுமார் 2 லட்சம் ஒளி ஆண்டுகள்!

அங்கே கட்டாயம் பார்க்கவேண்டிய இடம், என்.ஜி.சி. 346. நட்சத்திரங்களின் பிரசவ வார்டு. போட்டோவில் கண்ணைப் பறிப்பவை நடுவில் ஜொலிக்கும் ராட்சத நீல நட்சத்திரங்கள். ஆனால், விஷயம் இருப்பது சூரியன் அளவே உள்ள சிறுசுகளிடம்தான்.

பிறந்த நட்சத்திரத்தைச் சுற்றி வாயுவும் தூசியும் தோசைபோலத் தட்டையாகச் சுழலும். அதைச் சாப்பிட்டுத்தான் நட்சத்திரம் வளரும். மிச்சத்தில் கோள்கள் உருவாகும். நம் பால்வெளியில் பெரும்பாலும் இந்தத் தட்டு 20, 30 லட்சம் ஆண்டுகளில் காலியாகிவிடும். மெகல்லன் மேகத்திலோ கார்பன், இரும்பு போன்ற கனமான தனிமங்கள் மிகக் குறைவு. அதனால் அங்கே தட்டு இன்னும் சீக்கிரம் தீர்ந்துவிடும், கோள் உருவாக நேரமே இருக்காது என்றுதான் கணித்திருந்தார்கள்.

2000-களின் மத்தியில் ஹபிள் தொலைநோக்கி இந்தக் கணக்கைக் குழப்பியது. 2, 3 கோடி வயதான நட்சத்திரங்கள் அங்கே இன்னும் தட்டைக் காலிசெய்யாமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பதாகத் தெரிந்தது. பலருக்கு நம்பிக்கை வரவில்லை.

சந்தேகத்தைத் தீர்த்தது ஜேம்ஸ் வெப். அதிலுள்ள ஒரு கருவியில் சுமார் இரண்டரை லட்சம் நுண்ணிய ஜன்னல்கள் உண்டு. வேண்டிய நட்சத்திரத்துக்கு மட்டும் ஜன்னலைத் திறந்து, அதன் ஒளியைத் தனியே பிரித்துப் பார்க்கலாம். கைடோ டி மார்ச்சி குழுவினர் அப்படி 10 நட்சத்திரங்களை ஆராய்ந்து, 2024 டிசம்பரில் முடிவை வெளியிட்டார்கள். ஹபிள் சொன்னது சரிதான். தட்டுகள் இன்னும் இருக்கின்றன!

பிரபஞ்சத்தின் இளமைக் காலத்திலும் கனமான தனிமங்கள் இப்படிக் குறைவாகத்தான் இருந்தன. அப்படியானால், அப்போதே கோள்கள் உருவாக அவகாசம் இருந்திருக்கும். 2003-ல் ஹபிள் உறுதிசெய்த, சுமார் 1,300 கோடி வயதான கோள் எப்படி வந்தது என்ற புதிருக்கும் இது ஒரு பிடி தருகிறது.

தட்டு ஏன் தீரவில்லை? கனமான தனிமங்கள் குறைவாக இருப்பதால், நட்சத்திர ஒளியால் வாயுவைச் சீக்கிரம் ஊதித் தள்ள முடியாமல் போகலாம். அல்லது, அங்கே தட்டே ஆரம்பத்தில் பெரிதாக அமைந்திருக்கலாம். இரண்டும் சேர்ந்தும் நடக்கலாம் என்கிறது அந்தக் குழு.