அப்பாவின் கையில் இருந்த கறுப்பு

காக்களூர் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடிந்து திருப்பாச்சூர் வீட்டுக்கு வந்ததும் அப்பாவுக்கு முதல் வேலை, கை கழுவுவதுதான். எந்த சோப்பு போட்டாலும் நகக்கண்ணில் கறுப்பு நிற்கும். மெஷினுக்குப் போடும் மாலி கிரீஸ்.

மகள் எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடம். அடுத்து பிஹெச்.டி. என்கிறாள். "இன்னும் அஞ்சு வருஷமா? பொண்ணுக்கு வயசு நிக்குமா?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். அப்பா எதுவும் சொன்னதில்லை. அன்று மட்டும் கேட்டார்.

"நீ எதைத்தாம்மா படிக்கிற?"

அவர் நகத்தைக் காட்டினாள். "இதைத்தாம்பா!"

அந்தக் கறுப்பு, மாலிப்டினம் டைசல்பைடு. தாள் தாளாக அடுக்கிய பொருள். தாள்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதால்தான் இரும்பு தேயாமல் ஓடுகிறது. அதே காரணத்தால், அதன் படிகத்தை செல்லோ டேப்பில் ஒட்டி ஒட்டிப் பிரித்தால் ஒற்றைத் தாளே கிடைக்கும். ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு சுமார் 15 லட்சம் தாள்களை அடுக்கலாம். அவ்வளவு மெல்லிசு.

கட்டியாக இருக்கும்போது அது ஒளிர்வதே இல்லை எனலாம். ஒற்றைத் தாளில் பச்சை லேசரை அடித்தால் சிவப்பாக ஒளிர்கிறது. 2010-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதைக் கண்டார்கள்.

"எப்படிம்மா?"

"வெளிச்சம் பட்டதும் ஒரு எலெக்ட்ரான் இடத்தை விட்டு எழும்பிடும்பா. அது விட்டுட்டுப் போன காலி இடத்துக்குத் துளைன்னு பேரு. எலெக்ட்ரான் மைனஸ், துளை பிளஸ். ரெண்டும் ஒண்ணையொண்ணு இழுத்துட்டு ஜோடியா சுத்தும். அதுதான் எக்ஸைட்டான். சிலிக்கான்ல, ரூம் சூட்டுக்கே அந்த ஜோடி பிரிஞ்சிடும். ஒத்தைத் தாள்ல மேலே கீழே போக இடமில்லை. நடுவுல தடுக்கவும் ஆளில்லை. அதனால பிடி பல மடங்கு இறுகிடும். கடைசியில எலெக்ட்ரான் திரும்ப அந்தத் துளையில விழும்போது, சிவப்பு வெளிச்சமா வரும்."

"இதனால என்ன பிரயோஜனம்?"

"மெல்லிசான விளக்கு, வெளிச்சத்தை உணர்ற சென்சார். இன்னும் பெரும்பாலும் லேப்லதான்பா இருக்கு."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு செலவைக் கேட்டார். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை என்றாள்.

"கிடைக்கலைன்னா?"

"மறுபடியும் எழுதுவேன்பா."

"எழுது. அதுவரைக்கும் நான் ஷிஃப்ட் பாக்குறேன்."

சொல்லிவிட்டு சாப்பிட உட்கார்ந்தார். அன்று அந்த நகத்தை அவர் இரண்டாம் முறை தேய்க்கவில்லை.