ரேணிகுண்டா வழியாக

திருத்தணி மலைக்கோயிலுக்கு 365 படிகள். ஆண்டின் நாளுக்கு ஒரு படி என்பது கணக்கு. டிசம்பர் 31-ஆம் தேதி படித்திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமமிட்டு, கற்பூரம் ஏற்றி, பாடிக்கொண்டே மேலே போவார்கள். எனக்கு அந்தப் படிகள் இன்னொரு காரணத்துக்காகவும் மனதில் நிற்கின்றன. விமானத்தின் சத்தத்தை நான் முதன்முதலில் நின்று கேட்டது அங்கேதான்.

பாதிப் படியில் மூச்சு வாங்க உட்காரும்போது நைனா, என் அப்பா, தெற்கே கை காட்டுவார். வானத்தில் ஒன்றும் தெரியாது. ஆனால் பத்துத் தறிகள் ஒரே கொட்டகையில் ஓடுவது போல ஒரு முழக்கம் வரும். நைனா விசைத்தறியில் லுங்கி நெய்தவர். சத்தத்தை வைத்தே எந்தத் தறியில் கோளாறு என்று சொல்லிவிடுவார். "இது அரக்கோணத்து விமானம்டா. எறக்கை வேற மாதிரி" என்பார். கொஞ்ச நேரத்தில் அது தெரியும். நீண்ட, வெள்ளி நிற, கனத்த விமானம்.

அது ரஷ்யத் தயாரிப்பான டியு-142 என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். நான்கு என்ஜின்கள், ஒவ்வொன்றிலும் எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு விசிறிகள். கடலுக்குள் நீர்மூழ்கிகளைத் தேடுகிற வேலை அதற்கு. அரக்கோணம் எங்கள் திருத்தணியிலிருந்து பதின்மூன்று கிலோமீட்டர். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் இருந்த இடத்தில் கடற்படை தன் விமான தளத்தை அமைத்து, 1992 மார்ச் 11 அன்று திறந்தது. பெயர் ராஜாளி. அப்போது எனக்கு ஏழு வயது. ஊரில் ஒருவர்கூட விமானத்தில் ஏறியதில்லை. ஆனால் அதன் சத்தம் கேட்காத வீடு கிடையாது.

தெற்கே ராஜாளி என்றால், வடக்கே எங்களுக்கு ரேணிகுண்டா இருந்தது. திருப்பதிக்கான விமான நிலையம் அங்கேதான். திருத்தணியிலிருந்து சாலை வழியே ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். மீனம்பாக்கம் அதைவிடத் தொலைவு. நடுவில் சென்னையின் நெரிசல் முழுவதையும் தாண்ட வேண்டும். இருந்தும் பல காலம் எங்கள் ஊரில் விமானம் என்றால் சென்னைதான். ரேணிகுண்டா வேறு மாநிலம் என்கிற எண்ணம் கண்ணை மறைத்தது.

அந்த எல்லை எங்கள் நைனாவின் சிறு வயதில் போடப்பட்டது. அதற்கு முன் திருத்தணி ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி.யும் மற்றவர்களும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. திருப்பதி அங்கேயே நின்றது. முருகன் இந்தப் பக்கம், பெருமாள் அந்தப் பக்கம். ஆனால் ஜனங்கள் போக்குவரத்தை நிறுத்தவில்லை. முடி காணிக்கைக்குத் திருப்பதி, நூல் விஷயமாக நகரி, எலும்பு முறிந்தால் புத்தூர். தமிழ்நாடு முழுக்கப் பலகையில் பார்க்கும் 'புத்தூர் கட்டு' பிறந்தது எங்களுக்கு வடக்கே இருக்கும் அந்தப் புத்தூர்ப் பக்கம்தான். நைனா இளவயதில் தறியில் கை மாட்டி முறிந்தபோது அங்கேதான் மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார்கள். அந்தப் பாதை எங்களுக்கு வேற்றூர்ப் பாதையாக ஒருநாளும் இருந்ததில்லை.

2011-இல் எனக்கு ஹைதராபாத்தில் வேலை கிடைத்தது. முதல் பயணம் மீனம்பாக்கத்திலிருந்து. காலை ஏழு மணி விமானத்துக்கு முந்தின இரவே கிளம்பினோம். அம்மா தூங்கவில்லை. வழியில் ஒரு விபத்தால் வண்டிகள் நின்றுவிட, நிலையத்தை அடைந்தபோது எனக்கு வியர்த்துக் கொட்டியது. அவ்வளவு பெரிய கட்டடம், அத்தனை ஜனம். நைனா பெட்டியைத் தள்ளிக்கொண்டே வந்தவர் வாசலில் நின்றுவிட்டார். நான் உள்ளே ஓடினேன். திரும்பிப் பார்த்தால் கூட்டத்தில் அவர் முகத்தைக் காணவில்லை. விமானம் புறப்பட்ட பிறகு நினைத்துப் பார்த்தேன்: அவரிடம் போய்வருகிறேன் என்று சொல்லவே இல்லை.

அடுத்த முறை திரும்பும்போது அலுவலகத்தில் உடன் வேலை செய்த சித்தூர்க்காரர் ஒருவர்தான், "ஊர் திருத்தணின்னா ரேணிகுண்டாவுல இறங்க வேண்டியதுதானே" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி எங்கள் வீட்டின் ஆறேழு ஆண்டுகளை மாற்றியது.

அந்த வழியை இன்றும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். விடியற்காலை காபி குடித்துவிட்டுக் கிளம்பினால் போதும். பொன்பாடி சோதனைச் சாவடி, அதைத் தாண்டி நகரி. அங்கே வானத்தை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கும் பாறை முகடு. பழைய காலத்தில் சென்னைக் கடலில் வந்த மாலுமிகள் அதை அடையாளமாக வைத்துக் கரையைக் கண்டுகொண்டார்கள், நகரி மூக்கு என்று பெயரிட்டார்கள். பிறகு புத்தூர். சாலையோரம் மாந்தோப்புகள், கொய்யாக்கூடைகள். மேற்கே சேஷாசல மலைத்தொடர் நீலமாக எழும்போது ரேணிகுண்டா வந்துவிட்டது என்று பொருள்.

நான் முதலில் பார்த்த நிலையம் பழைய கட்டடம். ஒரு கல்யாண மண்டபம் அளவுக்குத்தான் இருக்கும். வாசலில் வண்டியை நிறுத்தினால் நாலு எட்டில் கதவு. விமானங்கள் குறைவு, அதனால் அவசரமும் குறைவு. காத்திருந்தவர்களில் பாதிப் பேர் மொட்டைத் தலையோடு சந்தனம் பூசியிருப்பார்கள். கைப்பெட்டிகளை விட லட்டுப் பைகள் அதிகம். சோதனைப் பெல்ட்டில் பைகள் ஊர்ந்து போகும்போது நெய்யும் ஏலக்காயும் பச்சைக் கற்பூரமும் கலந்த வாசனை கூடம் முழுக்கப் பரவும். அந்த வாசனையுள்ள விமான நிலையம் வேறெங்கும் எனக்கு வாய்க்கவில்லை.

அங்கிருந்து நான் கிளம்பிய ஒருநாள் நைனா வாசலில் நின்றுகொண்டிருந்தார். காவலில் இருந்தவர் அவரைப் பார்த்து, "பெத்தாயனா, இக்கட கூர்ச்சோண்டி" என்று நிழலில் இருந்த நாற்காலியைக் காட்டினார். பெரியவரே, இங்கே உட்காருங்கள் என்கிற அந்த ஒரு சொல்லுக்காக நைனா பல வருஷம் அந்த நிலையத்தைப் புகழ்ந்தார். என்னிடம் விடைபெறவும் நேரம் இருந்தது. திருநீறு பூசிவிட்டு, "ஊருக்குப் போற மாதிரியே இல்லடா கண்ணு. பக்கத்துத் தெருவுக்குப் போற மாதிரி இருக்கு" என்றார்.

அன்று ஏறியது ஏடிஆர் விமானம். எழுபது பேர் உட்காரும் சிறிய விமானம்; இறக்கை மேலே, விசிறி இரண்டு. தரையில் நடந்து போய், பின்பக்கக் கதவின் சிறு படிகளில் ஏற வேண்டும். விசிறி சுழலத் தொடங்கியதும் அதே முழக்கம், கொட்டகைத் தறிகளின் சத்தம். ஜன்னலில் தேடினேன். தொலைவில் வேலிக்கு வெளியே சாலையோரம் எங்கள் வாடகைக் கார் நின்றது. பக்கத்தில் வெள்ளை வேட்டி. அவர் கையை உயர்த்தியிருந்தார். எந்த ஜன்னல் என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் விமானம் மேலே போகும்வரை அந்தக் கை இறங்கவில்லை.

2015 அக்டோபர் 22 அன்று ரேணிகுண்டாவில் புதிய முனையத்தைப் பிரதமர் திறந்துவைத்தார். பெயர் கருடா. தெற்கே ராஜாளி, வடக்கே கருடன், நடுவில் மயில்வாகனனின் மலை. மூன்று பறவைகளின் ஊர் என்று நைனா பெருமையாகச் சொல்லிக்கொண்டார். சொல்லி ஆறு வாரம்கூட ஆகவில்லை, சென்னை மூழ்கியது.

டிசம்பர் 1-ஆம் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் ஏறக்குறைய 49 சென்டிமீட்டர் பதிவானது. மீனம்பாக்கத்தின் இரண்டாவது ஓடுதளம் அடையாற்றின் மேல் பாலம் கட்டி நீட்டப்பட்டது. ஆறு பெருகி நிலையத்துக்குள் புகுந்தது. விமானங்கள் தண்ணீரில் நின்ற படங்களை உலகமே பார்த்தது. டிசம்பர் 6 வரை பயணிகள் போக்குவரத்து நின்றது. அப்போது ராஜாளியின் கதவு பொதுமக்களுக்குத் திறந்தது. கடற்படை விமானங்களுக்கென்று கட்டிய, நான்கு கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட ஓடுதளத்தில் பயணிகள் விமானங்கள் வந்து இறங்கின. சென்னையிலிருந்து பேருந்து பேருந்தாக ஜனங்கள் அரக்கோணம் வந்தார்கள். பயணிகளுக்கென்று கட்டாத இடம். இருந்தாலும் அவர்களை அனுப்பிவைத்தது.

நான் நான்காம் தேதி ஹைதராபாத்திலிருந்து ரேணிகுண்டா வழியாக வந்தேன். விமானத்தில் பெரும்பாலோர் சென்னைக்குப் போகிறவர்கள். வீட்டோடு தொடர்பு அறுந்து மூன்று நாளான முகங்கள். சைதாப்பேட்டையில் மகள் குடும்பம் இருக்கிறது என்ற ஒரு வயதான தம்பதியை எங்கள் காரில் ஏற்றிக்கொண்டேன். நள்ளிரவில் திருத்தணி வந்தபோது நைனா தெருவிளக்கின் கீழ் நின்றிருந்தார். அம்மா சுடச்சுட சோறும் ரசமும் போட்டாள். விடிந்ததும் கிடைத்த வண்டியில் நைனாவே அவர்களை அனுப்பிவைத்தார். அந்த அம்மாள் எங்கள் வீட்டுத் திண்ணையில் நின்று மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனது கண்ணிலேயே இருக்கிறது. பெரிய நகரம் தவித்தபோது பக்கத்தில் இருந்த இரண்டு சின்ன ஊர்களின் ஓடுதளங்கள் தோள் கொடுத்தன. அதை எங்கள் ஊர் மறக்காது.

மறு ஆண்டு அம்மாவையும் நைனாவையும் ஹைதராபாத்துக்கு அழைத்துப் போனேன். அவருக்கு அறுபத்துமூன்று வயது. தறியில் நின்று நின்று முழங்கால் தேய்ந்து, மலைக்குப் படியேறுவதை விட்டுப் பேருந்தில் போக ஆரம்பித்திருந்தார். பெரிய நிலையமாக இருந்தால் அவ்வளவு தூரம் நடக்க மாட்டேன் என்று மறுத்திருப்பார். ரேணிகுண்டா என்றதும் சரி என்றார். ஏடிஆர் விமானத்தின் படியில் கால் வைக்கும்போது எண்ணிக்கொண்டே ஏறினார். உள்ளே உட்கார்ந்ததும் அம்மாவிடம், "அஞ்சாறு படிதான்மே. முன்னூத்தி அறுவத்தஞ்சு ஏறினவனுக்கு இது எம்மாத்திரம்" என்றார். விசிறி முழங்கியதும் என் கையைப் பிடித்து நிறுத்தி, காது கொடுத்துக் கேட்டார். மலைப்படியில் என்னைக் கேட்கவைத்த அதே கை.

அது அவருடைய ஒரே விமானப் பயணம். 2017 மார்ச் 29 அன்று கடற்படை டியு-142 விமானங்களுக்கு ஓய்வு கொடுத்தது. எங்கள் வானத்தில் அந்த முழக்கம் நின்றது. 2019 தையில் நைனா போய்ச் சேர்ந்தார்.

சின்ன நிலையத்தில் குறைகளும் உண்டு. எல்லா ஊருக்கும் விமானம் கிடையாது. ஹைதராபாத்துக்குப் போகிற எனக்கு வசதியாக இருந்தது, சிங்கப்பூர் போகிறவருக்கு மீனம்பாக்கம்தான். ஒன்று ரத்தானால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டு வாடகைக் கார் எல்லை தாண்ட பர்மிட் கட்ட வேண்டும். அந்தச் செலவைச் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

2022 ஆகஸ்டில் சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் பரந்தூரில் என்று அறிவிப்பு வந்தது. அந்தத் திட்டப் பகுதியில் இருக்கும் ஏகனாபுரத்து மக்கள் தங்கள் வயலுக்கும் ஏரிக்கும் வீட்டுக்குமாக எழுந்து நின்றார்கள். பெருநகரத்தின் தேவையை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு ஊரை எழுப்பிவிடுவதற்கு முன், ஏற்கனவே பக்கத்தில் இருக்கிற நிலையங்களை முழுதாகப் பயன்படுத்தினோமா என்று கேட்பதுதான் நியாயம். திருத்தணி, அரக்கோணம், பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை மக்களுக்கு ரேணிகுண்டா கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. விமான நேரத்துக்கு ஒத்துவரும் ஒரு பேருந்தை இரண்டு மாநிலமும் பேசி நிலைய வாசல்வரை விட்டால் போதும்.

அதுவரை உங்களிடம் ஒரு வேண்டுகோள். சென்னைக்கு வடமேற்கே வீடு இருந்து, வயதான அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவராக இருந்தால், டிக்கெட் எடுக்கும் முன் ரேணிகுண்டாவையும் ஒருமுறை பாருங்கள். வழியனுப்ப வருகிறவர்களிடம் வாசலில் நின்று போய்வருகிறேன் என்று சொல்ல அங்கே நேரம் கிடைக்கும்.