தசையைக் கிழிக்காமல் கணக்குப் பார்த்தவர்கள்

மாடிப்படி ஏறினால் கால் தசை பிடித்துக்கொள்கிறது, கொஞ்சம் கனம் தூக்கினால் கை வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால், கேட்பவர்கள் என்ன சொல்வார்கள்? "சோம்பேறி" என்பார்கள். 1951-ல் லண்டன் மருத்துவர் பிரையன் மக்கார்டில் எழுதிய 30 வயது நோயாளிக்கும் உழைத்தால் தசை வலிதான் தொல்லை. கையை வேலை வாங்கியும் அவர் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறவில்லை. தசையில் சேமித்த கிளைக்கோஜனை அவர் உடலால் உடைக்க முடியவில்லை என்று மக்கார்டில் முடிவு செய்தார். அந்த நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது.

இதை உறுதி செய்ய, தசைத் துண்டை வெட்டியெடுத்துச் சோதிப்பார்கள். ஆனால் வெட்டிய துண்டு படி ஏறாதே! உழைக்கும்போது உள்ளே நடப்பதை எப்படிப் பார்ப்பது?

தசையின் சக்தியைப் பணமாக நினைத்துக்கொள்ளுங்கள். கையில் இருக்கும் ரொக்கம் ஏ.டி.பி. கடும் உழைப்பில் சில நொடிகளுக்குத்தான் வரும். அது தீராமல் உடனுக்குடன் நிரப்புவது பாஸ்போகிரியேட்டின் என்ற சேமிப்பு. இரண்டிலும் பாஸ்பரஸ் உண்டு. வலுவான காந்தத்துக்குள் ரேடியோ அலையைச் செலுத்தினால் பாஸ்பரஸ் அணுக்கரு பதில் சிக்னல் தரும். எந்தச் சேர்மத்தில் இருக்கிறதோ அதற்கேற்ப சிக்னலின் அதிர்வெண் சற்று மாறும். அதனால் வரைபடத்தில் ஒவ்வொன்றும் தனி முகடாகத் தெரியும். தனியாக இருக்கும் பாஸ்பேட்டின் முகடு எவ்வளவு நகர்கிறது என்று பார்த்து அமிலத்தன்மையையும் கணக்கிடலாம். ஊசியும் இல்லை, கத்தியும் இல்லை. இதுதான் காந்த ஒத்ததிர்வு நிறமாலை, சுருக்கமாக எம்.ஆர்.எஸ்.

1974-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜார்ஜ் ராடா உள்ளிட்ட குழு எலியின் கால் தசையில் இதைச் செய்து காட்டியது. 1981-ல், மக்கார்டில் நோய் இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட ஒருவரின் முன்கையைக் காந்தத்துக்குள் வைத்துப் பயிற்சி செய்ய வைத்தார்கள். கடுமையாக உழைக்கும் தசை அமிலமாக வேண்டும். அவருடையது ஆகவில்லை. கிளைக்கோஜன் உடையவில்லை என்பதற்கு அந்தத் தசையே சாட்சி சொன்னது.

ஓய்வில் சேமிப்பு மீண்டும் நிரம்பும் வேகமும் முக்கியம். ஆரோக்கியமானவருக்குச் சுமார் அரை நிமிடத்தில் பாதி நிரம்பிவிடும். தாமதமானால், செல்லின் மின்நிலையமான மைட்டோகாண்டிரியாவில் கோளாறு இருக்கலாம்.

சாதாரண எம்.ஆர்.ஐ. கருவியில் பாஸ்பரஸுக்கான தனிச் சாதனங்கள் இருப்பதில்லை. அதனால் எம்.ஆர்.எஸ். இன்றும் பெரும்பாலும் ஆராய்ச்சிக்கூடங்களில்தான். மக்கார்டில் நோயை உறுதி செய்ய இப்போது மரபணுச் சோதனை வந்துவிட்டது. ஆனாலும், "முடியவில்லை" என்று ஒருவர் சொல்வது மனசு சம்பந்தப்பட்டதா, தசை சம்பந்தப்பட்டதா என்பதை உழைக்கும் தசையிலேயே பார்க்க முடியும் என்று காட்டியது அந்தக் காந்தம்தான். அடுத்த முறை யாரையாவது சோம்பேறி என்று சொல்லும் முன் கொஞ்சம் யோசிக்கலாம்.